இருபத்தேழாவது பெயர்

என்னைப் பாராட்ட வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். கேட்கிற மாதிரி இல்லை. நான் வேலை பார்த்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து போன வாரம் இரண்டு இளம் ஆசிரியைகள் செவிலிமேட்டில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் அழைப்பிதழ். அதில் என் பெயருக்குக் கீழே, ஓர் ஆசிரியர் காட்டும் தனிப்பட்ட அக்கறை ஒரு மாணவியின் எதிர்காலத்தையே மாற்றும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த மாணவி தேவகி. தொலைபேசித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளே மேடையேறி என்னைப் பற்றிப் பேசப் போகிறாளாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்வையை வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஏம்மா, என் அக்கறை விழுந்த இடத்துலதான் ஒரு பிள்ளை பிழைக்கும்னா, மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "நீங்க ரொம்ப அடக்கமா பேசறீங்க மேடம்" என்றாள். அடக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. மேடையில் நிஜத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கணக்கு டீச்சர். மதராஸில் பி.டி. என்கிற ஆசிரியர் பயிற்சி முடித்து, வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டு, தினமும் எட்டு மணி பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து வேலை பார்த்தவள். பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பாடக்குறிப்பு நோட்டில் மார்ஜின் விட்டு எழுதவும் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பது முகங்களுக்கு நடுவில் ஒரு முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் படிப்பு இன்றைக்கும் எங்கேயும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போதே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுவோம். கொஞ்சம் பேருக்கு காம்போசிட் மேத்ஸ். மீதிப் பேருக்கு ஜெனரல் மேத்ஸ். பெயரைக் கேட்டால் ஏதோ இரண்டு புத்தகம் என்று தோன்றும். அது புத்தகம் இல்லை, வாசல். காம்போசிட் படித்தவள் கல்லூரியில் பி.யூ.சி. சேரும்போது கணக்கு எடுக்கலாம், பாலிடெக்னிக் போகலாம், எஞ்சினியரிங் கூடப் போகலாம். ஜெனரல் படித்தவளுக்கு அந்தப் பக்கத்துக் கதவெல்லாம் பதின்மூன்று வயதிலேயே சாத்தியாயிற்று. சாத்தியது அவளுக்கே தெரியாது. அவள் வீட்டுக்கும் தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும்.

இதற்கு ஒரு தேர்வு வைப்போம். எட்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில், நூறு மதிப்பெண்ணுக்கு. விடைத்தாளைப் பிள்ளைகளிடம் திருப்பித் தருவதில்லை. மதிப்பெண்ணையும் சொல்வதில்லை. நான் திருத்தி, வரிசைப்படுத்தி, மேலிருந்து முப்பது பேரை எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதும் தாள்களைக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எந்த வகுப்பறைக்குப் போ என்கிறோமோ அந்த அறைக்குப் பிள்ளை போகும்.

தேவகி அந்த எட்டாம் வகுப்பில் இருந்தாள். பிள்ளையார்பாளையம். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். மாதத்தில் பத்து நாள் பள்ளிக்கு வந்தால் அதிகம். நான்தான் வகுப்பாசிரியை. வருகைப் பதிவேட்டில் காலையில் வந்தவளுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலில் அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, வராதவளுக்கு 'ஏ'. தேவகியின் வரிசை முழுக்க 'ஏ'தான். வருகிற நாளில் எழுந்து நிற்கவைத்துத் திட்டுவேன். "சத்திரமா இது? நினைச்சப்ப வர்றதுக்கு?" என்பேன். அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

நான் ஏன் அப்படித் திட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசி. என் மாமனார் அமாவாசைக்கு அமாவாசை முன்னோருக்குப் படையல் போடுகிறவர். காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் எதையும் தொடலாம். அவர் குளித்து முடித்து அதெல்லாம் நடக்கப் பதினொன்று ஆகிவிடும். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற மருமகளுக்கு அன்றைக்கு வெறும் வயிறு, டிபன் பாக்ஸும் கிடையாது. அமாவாசையன்று என் வகுப்பில் யார் வாய் திறந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஒரு நாள் அப்படித்தான் தேவகியை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். போன மாதமும் இப்படித்தானே பசியோடு இவளைத் திட்டினோம் என்று தோன்றியது. அதற்கு முந்தின மாதமும். அன்று மாலை பதிவேட்டை எடுத்து, பக்கத்தில் காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். மற்ற நாள்களில் வந்தாலும் வருவாள், வராவிட்டாலும் இல்லை. அமாவாசை மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த ஊரில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு அது எனக்கு உறைக்காமல் இருந்ததே என்று என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம். அமாவாசையன்று நெசவாளி தறியைத் தொடமாட்டான். ஊருக்கே தெரியும். தறி ஓய்ந்தால் அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாள். தறி ஓடினால் வருவதில்லை. நான் சோம்பேறி என்று நினைத்தவள், அவளுக்கு நிச்சயமாகக் கிடைத்த ஒரே விடுமுறையை என்னிடம் திட்டு வாங்குவதற்குச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அமாவாசைக்கு நான் திட்டவில்லை. பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். எட்டுப் பேர் பதினைந்து நாளில் முடிக்கும் வேலையைப் பத்துப் பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள். அந்தப் பாடம் நடந்த வாரம் முழுக்க தேவகி வரவில்லை. மற்ற பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே, "பன்னெண்டு" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"எட்டுப் பேருக்குப் பதினஞ்சுன்னா ஒத்தை ஆளுக்கு நூத்தி இருவது நாள் வேலை டீச்சர். அத பத்துப் பேரு பங்கு போட்டுக்கினா பன்னெண்டு."

நான் சொல்லிக் கொடுத்த வழி அது இல்லை. அதைவிடச் சுத்தமான வழி. அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனேன்.

குழித்தறியில் அவள் அப்பா இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம், கரைக்கு நேராகத் தேவகி. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். அவள் எழவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்படியிலிருந்த தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோர்வைச் சேலைம்மா இது. ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. நான் இங்கேர்ந்து நூலு சுத்துன நாடாவ வுட்டா, கரைக்கு அந்தாண்ட ஒருத்தர் வேற நாடா வுடணும். ஒத்தை ஆளா நெய்ய முடியாது. இவ ஸ்கூலுக்கு வந்துட்டா நான் கைய கட்டிக்கினு உக்காரவேண்டியதுதான்."

"பையன் இருக்கானே?"

"அவன் படிக்கிறான்ல."

அந்தப் பையனை எனக்குத் தெரியும். பக்கத்து ஆண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு பரீட்சை இருக்குது. அதுக்கு மட்டும் அனுப்புங்க" என்றேன். தேதியைச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆவாதும்மா. சேலை முடிச்சுக் குடுக்கணும். அமாவாசைன்னா அனுப்பறேன்."

அமாவாசை தேர்வுக்கு ஆறு நாள் கழித்து வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஒரு வினாத்தாள் தயாரித்து, அந்த அமாவாசையன்று என் எதிரில் உட்காரவைத்து எழுதச் சொன்னேன். எண்பத்து நான்கு எடுத்தாள். தாராளமாகப் போடவில்லை. நான் தாராளமாகப் போடுகிறவளே இல்லை.

இப்போது தலைமையாசிரியை. பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மேஜைமேல் மணி, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகச் சீவிய பென்சில், ஒரு மர அடிக்கோல். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அந்த அடிக்கோலை ஒவ்வொரு பெயருக்கும் கீழே வைத்து, நகர்த்தி நகர்த்திப் படிப்பார். படித்து முடிக்கிறவரை எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவர் அறையில் எதிரே நாற்காலி கிடையாது. நின்றுதான் பேச வேண்டும். யாரிடமும் ஒரு காசு வாங்கியவர் இல்லை, யாருக்கும் கெடுதல் நினைத்தவரும் இல்லை. அதனால்தான் இன்றுவரை அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அதுவும் ஒரு கோபம்.

நான் கொடுத்த பட்டியலில் முப்பத்தொரு பெயர் இருந்தது, கடைசியாக தேவகி. அடிக்கோல் முப்பதில் நின்றது.

"ஒண்ணு அதிகமா இருக்கே?"

தேவகியின் கதையைச் சொன்னேன். தனித் தேர்வு வைத்ததையும் மறைக்கவில்லை. அவர் பதிவேட்டை வரவழைத்து அந்த 'ஏ' வரிசையைப் பார்த்தார். அமாவாசை விஷயத்தைச் சொன்னபோது முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்க மனசு நல்ல மனசு. அதுக்கு இங்க பெஞ்சு இல்ல. காம்போசிட்டுக்கு முப்பது பேர்தான். இந்தப் பொண்ணு வேணும்னா சேத்துக்குங்க, நான் வேணாம்னு சொல்லல. ஒருத்திய எடுத்துருங்க. நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்து போடுங்க."

பென்சிலைச் சிவப்புப் பக்கம் என்னை நோக்கித் திருப்பி வைத்தார். பிறகு வேறு காகிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் வரிசையில் மதிப்பெண் குறைந்தவளைத்தான் அடிக்க வேண்டும். முப்பதாவது பெண் அறுபத்திரண்டு மதிப்பெண். அவள் அப்பா பட்டுக் கடை முதலாளி, பள்ளிக் கமிட்டியில் இருப்பவர். அடித்தால் மறுநாள் காலையில் இந்த அறையில் நிற்பார், இல்லை, உட்கார்ந்திருப்பார். அவருக்கு மட்டும் நாற்காலி வரும். பென்சில் மேலே போயிற்று. இருபத்தொன்பது, டாக்டர் மகள். அந்த டாக்டரிடம்தான் என் மாமனாருக்கு வைத்தியம். இருபத்தெட்டு, எங்கள் சயன்ஸ் டீச்சரின் அண்ணன் மகள். தினமும் அந்த டீச்சரோடு ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இருபத்தேழு. சுலோச்சனா. எழுபத்தொன்று. ஊர் தாமல்.

இந்தப் பெண் யார் என்று யோசித்தேன். முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது. தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். மூன்றாவது பெஞ்சு. ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. அப்பா விவசாயி. பள்ளிக்கூடத்துப் பக்கம் அவரை நான் பார்த்ததே இல்லை. ஏரியில் தண்ணீர் இருந்தால் வயலில் இருப்பார், இல்லாவிட்டால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். காம்போசிட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் யாரைப் பார்த்து என்ன கேட்பார்? இவளுக்காக யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

அடித்தேன். கையெழுத்தும் போட்டேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நான் கணக்குப் படித்தவள், அதனால் யார் இளைத்தவள் என்று வரிசைப்படியே பார்த்துக் கண்டுபிடித்தேன்.

பெரிய டீச்சர் அடிக்கோலை மறுபடி முதலிலிருந்து வைத்து முப்பது வரை எண்ணினார். கையெழுத்துப் போட்டார். மணியை அடித்தார். வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நெசவாளி மகளுக்கு வழி திறந்துவிட்டேன் என்று அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே என்னை மெச்சிக்கொண்டு போனேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள் ஆசிரியைகள் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட இல்லை. நானாகப் பார்த்து, "என்னம்மா?" என்றேன்.

"டீச்சர், என்னை ஜெனரல்ல போட்டுக்கிறாங்க. நான் நல்லாதான் எழுதனேன்."

அப்போதுதான் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெரிய டீச்சரிடம் திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை போடத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பக்கத்தில் சயன்ஸ் டீச்சர் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மார்க் பத்தலம்மா" என்றேன்.

"சரி டீச்சர்" என்று போய்விட்டாள்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு மார்க் என்றுகூடக் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போனாள். நாங்கள் வாங்குகிற மரியாதையெல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து வருவதுதான். அதை நான் எதற்குப் பயன்படுத்தினேன், பாருங்கள்.

தேவகியின் மூன்று வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையில் அவளே விரிவாகச் சொல்லிக்கொள்ளட்டும். புதுப் பாடம் எதுவானாலும் அமாவாசையன்றுதான் ஆரம்பிப்பேன். தேர்வும் அன்றுதான். மற்ற நாளெல்லாம் பயிற்சிக் கணக்கு. அவள் வராத நாள் கணக்குகளைத் துண்டுத் தாளில் எழுதி அந்தத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவேன். தறி பக்கத்திலேயே வைத்துப் போட்டு அனுப்புவாள். பெரிய டீச்சர் என் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டிவிட்டு, "பஞ்சாங்கம் பாத்துதான் பாடம் நடத்துவீங்களோ?" என்று ஒரு முறை கேட்டார். கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் அவள் அப்பாவே கரைக்கு நாடா விடத் தன் தங்கை மகனை அழைத்துக்கொண்டார். அதன்பின் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளியிலேயே முதல். பி.யூ.சி., எஞ்சினியரிங், தொலைபேசித் துறை. அந்தப் பெண்ணின் உழைப்பில் ஒரு குண்டுமணி குறை சொல்ல முடியாது. அவள்மேல் தவறே கிடையாது. அவளுக்கு இடம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஊர் முழுக்க அதற்கு என்னைப் புகழ்ந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, புண்ணியத்தை நான் எடுத்துக்கொண்டேன். தேங்காய் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுலோச்சனாவும் அதே பள்ளியில் அந்த மூன்று வருஷமும் படித்தாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, "வணக்கம் டீச்சர்" என்பாள். நான் நடையை வேகமாக்கிக்கொள்வேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள் என்று பட்டியலில் பார்த்தேன். அதோடு அவளை மறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எழுபதுகளின் நடுவில், காம்போசிட், ஜெனரல் என்கிற பிரிவினை ஒழிவதற்குக் கொஞ்சம் முன்னால், பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்த தலைமையாசிரியைக்கு ஊர் பழகவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார். அவர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு நாற்காலியும் போட்டிருந்தேன். அந்த ஒரு விஷயத்திலாவது எனக்குப் புத்தி வந்திருந்தது.

ஒரு நாள் காலையில் இருபது, இருபத்தொரு வயதில் ஒருத்தி, பதின்மூன்று வயதுப் பெண்ணோடு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் மாற்றுச் சான்றிதழ், அதோடு தாமல் பள்ளிக்கூடத்தின் மார்க் அட்டை.

"வணக்கம் டீச்சர். என்னைத் தெரியுதா? சுலோச்சனா. இது என் தங்கச்சி. அப்பாவுக்கு வயல்ல அறுப்பு, அதான் நான் இட்டுக்கினு வந்தேன்."

தெரியுது என்றேன்.

"வேற ஊர்லேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கும் பரீட்சை வைப்பாங்கன்னு சொன்னாங்க. அதெல்லாம் வேணாம் டீச்சர், நேரா ஜெனரல்லயே போட்டுருங்க. எங்க குடும்பத்துக்கே கணக்கு வராது. எனக்கும் வராது. இவளுக்கு எதுக்கு ஆசை காட்டிக்கினு? பாஸ் பண்ணா போதும்."

அந்தச் சின்னப் பெண் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க் அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் எண்பது.

"உனக்குக் கணக்கு வராதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, மார்க் பத்தலன்னு." குறையாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்துகிற குரலில்தான் சொன்னாள். "நல்லா எழுதனோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, எனக்கு எது சரி எது தப்புன்னுகூடத் தெரியலன்னு. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சப்ப டீச்சர் ட்ரெயினிங் போட்டுடலாம்னு அப்பா சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். அதுல கணக்கும் எடுக்கணுமாமே. பிள்ளைங்களுக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துட்டா?"

மனுஷி நான். இதற்கு மேல் தாங்க முடியவில்லை. பேனாவை மூடி வைத்தேன். பிறகு சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முப்பத்தொரு பெயர், சிவப்புப் பென்சில், பட்டுக் கடைக்காரர் மகள், டாக்டர் மகள், சயன்ஸ் டீச்சர், எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்காக அவளைப் பட்டியலிலிருந்து எடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் முதலில் கேட்டது இதுதான்.

"நான் எத்தினி எடுத்திருந்தேன் டீச்சர்?"

"எழுபத்தொண்ணு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

தங்கையின் தோளைத் தொட்டு, "எழுபத்தொண்ணு எடுத்திருக்கேன்டி நான்" என்றாள். அந்தப் பெண் இப்போதுதான் தலையைத் தூக்கினாள். சுலோச்சனாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

"என்னை ஏன் டீச்சர் எடுத்துட்டீங்க? எனக்குக் கீழ மூணு பேரு இருந்தாங்களே."

"உனக்காகக் கேக்க யாரும் வரமாட்டாங்கன்னுதான்."

அவள் தங்கையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இவளுக்காகக் கேக்க நான் வந்துக்கிறேன். இப்பவே பரீட்சை வைங்க. நல்லா எழுதினா, என் கண்ணு முன்னாடி இவ பேர எழுதுங்க. பார்த்துட்டுதான் போவேன்."

வைத்தேன். என் மேஜையின் ஓரத்திலேயே அந்தப் பெண் எழுதினாள். சுலோச்சனா ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் திருத்தும்போது என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு. தாளை இந்த முறை பீரோவுக்கு அனுப்பவில்லை, அக்காள் கையில் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, மதிப்பெண்களைத் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குது" என்றாள்.

காம்போசிட் பட்டியலை எடுத்தேன். முப்பது பெயர் முன்னமே நிரம்பியிருந்தது. சுலோச்சனாவும் எட்டிப் பார்த்தாள். என் கை யார் பெயர்மேல் போகிறது என்று பார்த்தாள்.

யார் பெயர்மேலும் போகவில்லை. கீழே முப்பத்தொன்று என்று எண் போட்டு அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். புதுத் தலைமையாசிரியையிடம் நானே எடுத்துக்கொண்டு போனேன். என்ன சட்டம் எடுத்துச் சொன்னாலும் சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவர் பட்டியலைப் பார்த்து, "ஒண்ணு கூட இருக்கே, உக்கார இடம் இருக்கா?" என்றார். பார்க்கிறேன் என்றேன். "இருந்தா சேத்துக்குங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பியூனைக் கூப்பிட்டேன். காம்போசிட் வகுப்புக்கு இன்னொரு பெஞ்சு வேண்டும், எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

"தையல் ரூம்ல அஞ்சாறு கவுத்துப் போட்டுக்கிறாங்களேம்மா. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து அங்கதான் கெடக்குது" என்றான்.

அவனும் தோட்டக்காரனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தார்கள். சுலோச்சனா ஒதுங்கி வழி விட்டாள். வகுப்பறையின் கடைசி வரிசைக்குப் பின்னால் பெஞ்சைப் போட்டுவிட்டு, பியூன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னப் பெண் போய் அதில் உட்கார்ந்தாள்.

சுலோச்சனா வாசலில் நின்று அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா டீச்சர்?" என்றாள்.